அண்ணியின் ரத்தம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு எறும்பக்கா என்று பெயர். ஊசியைக் கண்டதும் வீறிட்டு அழும் பிள்ளைகளிடம், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், எண்ணிக்கோ, ஒண்ணு, ரெண்டு..." என்பாள். மூன்று சொல்வதற்குள் ரத்தம் டியூப்பில் இறங்கியிருக்கும். பதினாறு வருடம் பழகிய கை. நரம்பே தட்டுப்படாதவர்களையும், மற்றவர்கள் இரண்டு தடவை குத்திப் பார்த்துக் கைவிட்டவர்களையும் அவள் நாற்காலிக்குத்தான் அனுப்புவார்கள்.

ஊரார் ரத்தத்தை எல்லாம் எடுத்தவள் தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. கால் வீங்கி, முகம் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் பார்த்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. அடுத்த மூன்று வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில் அடக்கம். பழம் கூடாது, உப்பு கூடாது. வெயில் நாட்களில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரையும்வரை அரை மணி நேரத்தை ஓட்டுவாள்.

அவளுக்கென்று இருந்தது ஓர் அண்ணனும் அண்ணியும்தான். அண்ணனுக்கு ரத்த அழுத்தம். சிறுநீரகம் கொடுக்க லாயக்கில்லை என்று முதல் நாளே மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை. எறும்பக்காவுக்குக் கேட்கிற முகமும் இல்லை. கல்யாணமான புதிதில், "எங்க அண்ணனுக்கு இதைவிட நல்ல இடமே கிடைக்கலையா?" என்று அவள் யாரிடமோ சொன்னது, கதவுக்குப் பின்னால் நின்ற அண்ணியின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடி நாள் முழுக்க அவர்களைத் திட்டித் திட்டி, வீட்டிலும் அதே தொண்டையோடுதான் பேசுவாள். நாத்தனாரும் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் ஆரம்பித்தால் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

அந்த அண்ணிதான் ஒருநாள் டயாலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"ரத்த குரூப் பாத்துட்டேன், ஒத்துப்போகுது. உன் நாக்கைத்தான் மாத்த முடியாது சின்னவளே, கிட்னியையாவது மாத்துவோம்."

எறும்பக்கா அழுதாள். "அழாத, ஊசி ஆடுது" என்று அண்ணி அதட்டினாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணி இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. போன பிறகும் சீட் பெல்ட் தழும்பில் அழுத்துகிறது என்று ஒரு துண்டை மடித்து வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அந்தத் துண்டைப் பார்த்த நாள் முதல் எறும்பக்கா அண்ணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணி எது சொன்னாலும் "சரிங்க அண்ணி"தான்.

புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் தாகம் போனது. பசி வந்தது. உடம்பு அந்தச் சிறுநீரகத்தை வெளியே தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஸ்டீராய்டும் ஒன்று. அது கிளப்பிய பசி சாப்பிட்டால் அடங்குகிற பசியாக இல்லை. தட்டு காலியாகும்போதே அடுத்த வேளைக்கு மனம் அலைந்தது. மூன்று வருடம் கண்ணால் மட்டும் பார்த்த பழங்களை எல்லாம் கூடை கூடையாக வாங்கினாள். அவள் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே ஒரு பேக்கரி இருந்தது. விடியற்காலையில் மேலே வருகிற வாசனை அவளை எழுப்பும். கன்னம் உப்பியது, வயிறு தள்ளியது, ஒரு வருடத்தில் பன்னிரண்டு கிலோ ஏறிவிட்டது. "எடையைக் கவனிங்க, தினமும் நடங்க" என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார். இவளும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அங்கே இரண்டாம் தடவை பரிமாறும்போது அண்ணியின் கண் ஒரு நொடி அவள் தட்டில் விழுந்து எழும்பும். வாய் எதுவும் சொல்லாது. அதனால் எறும்பக்கா அங்கே கொறித்துவிட்டு, திரும்பும் வழியில் பேக்கரியில் நின்று தின்பாள். தின்று முடித்ததும் வலது அடிவயிற்றில், புதிய சிறுநீரகம் புடைத்திருக்கும் இடத்தில் கையை வைப்பாள். தன் வயிற்றில் கை வைக்கிற மாதிரி இருக்காது. இரவல் வாங்கிய பொருளைக் கறைபடுத்திவிட்டுத் துடைக்கிற மாதிரி இருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து பதினான்காவது மாதம். ஒருநாள் சாயங்காலம் நாலு மணி, பரிசோதனை நிலையத்தில் கூட்டமில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் புதுக் கருவி ஒன்று வந்திருந்தது. சரியாகக் காட்டுகிறதா பார்ப்போம் என்று தன் விரலில் குத்தினாள். 268.

கருவி கோளாறு என்று நினைத்தாள். ரத்தத்தை இன்னொரு சோதனைப் பட்டையில் ஒற்றினாள். 274. கருவியைச் சரிபார்க்க அதோடு வந்திருந்த திரவத்தைச் சொட்டுவிட்டுப் பார்த்தாள். அட்டையில் போட்டிருந்த எண்ணை அச்சு அசலாகக் காட்டியது. கருவியில் ஒரு குறையும் இல்லை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பட்டைகளைக் குப்பைக்கூடையின் அடியில் போட்டு மேலே பஞ்சைப் போட்டு மூடினாள்.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ரிப்போர்ட்டுகளைப் பதினாறு வருடமாகப் பார்த்தவள் அவள். உடனே போய் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் டாக்டரம்மா அண்ணனிடம் சொல்வார். அண்ணன் வீட்டில் சொல்வார். அண்ணியின் காதுக்குப் போகும். 'துண்டு வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறேனே, இதுக்கா?' என்று அண்ணி கேட்பது போல நினைத்துப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. ஒரு மாதத்தில் நாமே குறைத்துவிடலாம் என்று முடிவு கட்டினாள்.

அவளுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் அவளைக் காப்பாற்றியது, அல்லது கெடுத்தது. காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு பிற்பகலில்தான் சர்க்கரையை ஏற்றும். விடிவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது காலையில், வெறும் வயிற்றில். அங்கே அவள் எண் 104 என்று வந்தது.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

"இது மட்டும் எனக்குப் போதாதும்மா. எடை ஏறிட்டே இருக்கு. மூணு மாச சராசரிச் சர்க்கரை பாக்கணும். இங்க அந்த மெஷின் ரிப்பேர். வெளிய எழுதித் தரட்டுமா?"

"எங்க லேப்லேயே பாத்து அனுப்பிடறேன் டாக்டர்" என்று எறும்பக்கா சொன்னாள். சொன்னபோது அவள் மனதில் திட்டம் ஒன்றும் இல்லை. தள்ளிப்போட வேண்டும் என்பது மட்டுந்தான் இருந்தது.

அந்த வாரமே அண்ணி பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள். சிறுநீரகம் கொடுத்தவர்களும் வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"ம், ஆரம்பி. நீயாவது ஒழுங்கா ஓட்டுறியான்னு பாப்போம்."

எறும்பக்கா ஊசியை இறக்கினாள். சிவப்பு மூடி டியூப் நிறைந்தது. மூன்று மாதச் சராசரிக்கான ஊதா மூடி டியூப் நிறைந்தது. அவள் கை இன்னொரு ஊதா மூடி டியூப்பை எடுத்துச் செருகியது.

"அதென்ன, ரெண்டு?"

"ஒண்ணு உறைஞ்சு போச்சுன்னா மறுபடி குத்தணும். அதுக்குத்தான் அண்ணி."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எங்கிட்ட நிறைய இருக்கு" என்று அண்ணி சிரித்தாள்.

அண்ணி போன பிறகு அந்த இரண்டாவது டியூப்பின் மேல் எறும்பக்கா தன் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டினாள். கை நடுங்கவில்லை, அதை நினைத்துத்தான் அன்று ராத்திரி அவளுக்கு உறக்கம் வரவில்லை. முதல் தடவை அண்ணி தானாக வந்து கொடுத்தாள். இந்தத் தடவை இவள் திருடியிருந்தாள்.

உள்ளறையில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் மெஷின்காரர் என்பார்கள். ஐம்பது வயது மனிதர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு டியூப்பைக்கூட மாற்றி வைத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. மறுநாள் இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏம்மா எறும்பு, உனக்கும் உங்க அண்ணிக்கும் ஒரே நம்பர், அஞ்சு புள்ளி நாலு! கிட்னிதான் ஒண்ணுன்னு பாத்தா சர்க்கரையும் ஒண்ணா?"

எல்லோரும் சிரித்தார்கள். எறும்பக்காவும் சிரித்துவைத்தாள். ரிப்போர்ட் போனது. டாக்டரம்மாவும் திருப்தியாகி, இருந்த மருந்துகளையே தொடரச் சொன்னார்.

ஒரு மாதத்தில் குறைத்துவிடலாம் என்றவளால் நான்கு மாதத்திலும் முடியவில்லை. பகல் முழுக்கப் பட்டினி கிடப்பாள். சாயங்காலம் பேக்கரிக்கு இறங்குவாள். தின்றதற்குத் தண்டனையாக மறுநாள் இன்னும் பட்டினி. அந்த நாலு மணிச் சோதனையை நிறுத்தியே விட்டாள். பார்க்காத எண் இல்லாத எண் என்று ஆகிவிட்டது. பிறகு எடை தானாக இறங்கத் தொடங்கியது. ராத்திரியில் ஐந்து ஆறு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தாள். பழைய தாகம் திரும்ப வந்தது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாம், "இளைச்சு அழகாயிட்டியே" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணி அவள் தோளைத் தட்டி, "பாத்தியா, மனசு வெச்சா முடியுது!" என்றாள். அந்தப் பாராட்டு அவளுக்குச் சூடு வைத்தது போல இருந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. பல் கிட்டிக்கொள்ளும் குளிர். அடிவயிற்றில், சிறுநீரகம் வைத்த இடத்தில் கை வைக்க முடியாத வலி. அண்ணனும் அண்ணியும் தூக்காத குறையாக மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி ஏறி, சிறுநீரகம் வரை போயிருந்தது. சர்க்கரை 412. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.1லிருந்து 2 ஆகியிருந்தது. மூன்று மாதச் சராசரி 10.8.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நாலஞ்சு மாசத்துல இது இவ்வளவு ஏறுறதை நான் நம்பமாட்டேன். அந்த லேப்ல தப்பு நடந்திருக்கு. அதை நம்பித்தான் நான் சும்மா இருந்துட்டேன்."

கட்டிலில் கிடந்த எறும்பக்காவுக்கு அது காதில் விழுந்தது. காய்ச்சல் மேல் பழியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து பரிசோதனை நிலையத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் மெஷின்காரர் வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. கையில் ஒரு நோட்டு. ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"அன்னைக்கு ஓடின டியூப்பு எல்லாத்தையும் திரும்பத் திரும்பப் பாத்துட்டேம்மா. உங்க அண்ணி டியூப்பையே ரெண்டு தடவை வெச்சிருக்கேன் போல. வேற வழியே இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் வந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சிரிச்சுக்கிட்டுப் போயிட்டேன். உன் கிட்னிக்கு என் கையால..." நோட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "முதலாளிகிட்ட வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எறும்பக்கா எழுந்து உட்கார்ந்தாள். ஊசி மாட்டியிருந்த கை இழுத்தது.

"நீங்க மாத்தி வைக்கல."

"இல்லம்மா, நான் நோட்டைப் பாத்தேன்..."

"நீங்க வெச்சதெல்லாம் சரி. அது அண்ணி ரத்தம்தான். நான்தான் என் பேரை ஒட்டினேன்."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல், நாலு மணிக்கு விரலில் குத்தியதிலிருந்து. அவர் கேட்டுக்கொண்டே நோட்டை மெல்ல மூடினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"லெட்டர் வந்ததிலேர்ந்து நான் ஒழுங்கா சாப்பிடலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சர்க்கரை வந்ததுக்கு நீங்க மட்டும் காரணம் இல்ல. கிட்னியைக் காப்பாத்த நான் எழுதிக் குடுத்த ரெண்டு மருந்துமே சர்க்கரையை ஏத்தும். நிறைய பேருக்கு ஏத்தியிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அளவைக் குறைச்சிருப்பேன், இன்சுலின் ஆரம்பிச்சிருப்பேன், எவ்வளவோ பண்ணியிருப்பேன். கேக் சாப்பிட்டதுக்கு நான் கோவப்படல. என் கண்ணைக் கட்டி விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம்."

"கிட்னி போயிடுமா டாக்டர்?"

"போகாதுன்னு நினைக்கிறேன். ஆனா முன்ன இருந்த மாதிரி முழுசா திரும்பாது."

அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எறும்பக்கா நர்ஸிடம் சொல்லி அவளை உள்ளே கூப்பிட்டாள். இனி யார் வாயிலிருந்தோ அண்ணிக்குத் தெரியக் கூடாது என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தாள். அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ரெண்டாவது டியூப்பா?"

"ஆமாங்க அண்ணி."

அண்ணி எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். கதவை அறைந்து சாத்துகிற அண்ணியைத்தான் அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஐந்து நாளும் அண்ணன் மட்டுமே வந்தார். பிளாஸ்கைத் திறந்து மூடி, மூடித் திறந்து, "அவ பேசவே மாட்டேங்கிறா. சண்டை போட்டாக்கூட பரவாயில்லன்னு இருக்கு" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பயிற்சிப் பள்ளிக் காரை எடுத்துக்கொண்டு அண்ணி வந்தாள். மருந்துப் பையைப் பின்னால் போட்டாள். சிக்னலில் நின்றபோது அண்ணி முன்னால் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"குடுத்ததை அன்னைக்கே மறந்துட்டேன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பொய். ஒரு நாள்கூட மறக்கல. நீ ரெண்டாவது தடவை தட்டை நீட்டினா என் கண்ணு அங்கதான் போகும். நீ ஒரு கப் ஐஸ்கிரீம் எடுத்தா எனக்கு இங்க சுருக்குன்னும். வாயால சொல்லாம இருந்துட்டா போதும்னு நினைச்சேன்."

"தெரியும்" என்றாள் எறும்பக்கா.

"என்ன தெரியும்?"

"நீங்க பாக்குறது. ஒவ்வொரு தடவையும் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணே? திருட்டுத்தனம் பண்ணே!"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" எறும்பக்காவின் குரல் அவளை மீறி உயர்ந்தது. "பசி உயிரை எடுக்குது. தின்னா உங்க முகம் வருது. தின்னாம இருந்தா மயக்கம் வருது. உங்ககிட்ட வந்து, அண்ணி, நீங்க குடுத்ததை நான் கெடுத்துக்கிட்டு இருக்கேன்னு எந்த வாயால சொல்றது?"

"இந்த வாயாலதான்! எங்கண்ணனுக்கு நல்ல இடமே கிடைக்கலையான்னு கேட்ட வாய்தானே இது? அப்ப மட்டும் நல்லா வந்துச்சு!"

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்து நேரமாகிவிட்டிருந்தது. அண்ணி வண்டியை ஓரம் கட்டினாள். இருவரும் கத்தித் தீர்த்தார்கள். பன்னிரண்டு வருடத்துப் பாக்கியும் இந்த இரண்டு வருடத்துப் பாக்கியும் சேர்ந்து வெளியே வந்தது. நடைபாதையில் போன ஒருவர் காரின் மேலிருந்த பயிற்சிப் பலகையைப் பார்த்துவிட்டு, கற்றுக்கொள்ள வந்த பெண்ணைப் பாவம் இப்படித் திட்டுகிறார்களே என்கிற முகத்தோடு போனார். கடைசியில் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"கிட்னியை நான் குடுத்தேன். ரத்தத்தை நீ எடுத்தே" என்று அண்ணி மெல்லச் சொன்னாள். "முதல்லது எனக்கு வலிக்கல. இது வலிக்குது. இப்போதைக்கு மன்னிப்பு கின்னிப்புன்னு எதுவும் கேக்காத. வரலை."

"கேக்கல அண்ணி."

"ஊசி எப்போ போடணும்?"

"மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னாடி."

"அப்ப நேரமாச்சு" என்று அண்ணி வண்டியைக் கிளப்பினாள்.

ஒரு வாரம் கழித்து எறும்பக்கா பரிசோதனை நிலையத்துக்குப் போய், முதலாளி முன்னாலும் ஊழியர்கள் எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னாள். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று, வந்ததுமே தன் மேசைப் பெட்டியைக் காலி செய்து வைத்திருந்தாள். முதலாளி அனுப்பவில்லை. ஆறு மாதம் ரத்தத்தில் கை வைக்கக் கூடாது, முன்மேசையில் பெயர் பதிந்தால் போதும் என்றார். மெஷின்காரர்மேல் தப்பில்லை என்று மருத்துவமனைக்கு அவள் கையெழுத்தோடு கடிதம் போனது. அவர் கொடுத்த ராஜினாமாவை முதலாளி அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். தெரிந்த பிள்ளைகள் வந்து, "அக்கா, நீ வந்து போடு" என்று அழும்போது, "எனக்கு லீவுடா" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவர் பெயரைக் கேட்பாள்.

டாக்டரம்மா மருந்தைச் சிறிது சிறிதாக மாற்றினார். பட்டினியும் கிடக்காமல், கண்மண் தெரியாமல் தின்னாமல், வேளைக்கு அளவாகச் சாப்பிட அவள் பழக மூன்று மாதம் ஆயிற்று. சறுக்கிய நாட்களும் உண்டு. சறுக்கிய நாளில் வந்த எண்ணையும் அப்படியே எழுதிக் காட்டினாள். கிரியாட்டினின் 1.5க்கு வந்து நின்றுவிட்டது. 1.1 திரும்பவில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த எண்ணைப் பார்க்கும்போது அவள் முகம் சுருங்கும். அண்ணி கேட்டால் மறைக்காமல் சொல்வாள். அண்ணி சில நாள் "ம்" என்பாள். சில நாள் எரிந்து விழுவாள். எரிந்து விழும் நாட்களில் இவளும் பதிலுக்கு எரிந்து விழுவாள். அண்ணன் பழையபடி செருப்பைத் தேடுவார்.

ஏழாவது மாதம் அவளை மறுபடி ஊசி நாற்காலிக்கு விட்டார்கள். அவள் எடுத்த ரத்தம் உள்ளறைக்குப் போனதும் மெஷின்காரர் ஒவ்வொரு டியூப்பாகத் தூக்கிப் பிடிப்பார்.

"பேர்?"

ரத்தம் கொடுத்தவரின் பெயரை அவள் சொல்வாள்.

"நீ எடுத்ததுதானா?"

"நான் எடுத்ததுதான்."

"அவங்க கையிலேர்ந்துதானா?"

"அவங்க கையிலேர்ந்துதான்."

மற்றவர்கள் கொண்டுவரும் டியூப்பை அவர் இப்படிக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது டியூப். கதவருகில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்கச் சகிக்காமல் கூட வேலை செய்கிற ஒருத்தி, "அவர்கிட்ட நான் சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டாள். எறும்பக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்த டியூப்பை அவர் தூக்கிப் பிடித்தார். அவள் பெயரைச் சொன்னாள்.